இடது கண்ணுக்குக் கால்ஷீட்

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் ஓடும்போது அதுவும் ஓடும். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டது கிடையாது. சினிமாவில் எல்லோருக்கும் அவர் ‘மேகம்’. வெளிப்புறப் படப்பிடிப்பில் எல்லாம் தயாராகி, நடிகர்கள் இடத்தில் நின்று, டைரக்டர் வாயைத் திறக்கப்போகும் சமயம் பார்த்து, இவர் ஒரு கறுப்புக் கண்ணாடித் துண்டைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து வானத்தைப் பார்ப்பார். “கொஞ்சம் இருங்க, ஒரு மேகம் வருது” என்பார். மற்றவர்கள் கண்ணுக்கு மேகமும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் வரும். வந்து, சூரியனை மறைத்து, விலகி, வெளிச்சம் மறுபடி நிலைகொள்ளும்வரை இந்த மனிதர் கேமராவைத் தொட மாட்டார். தயாரிப்பாளர்கள் பல்லைக் கடிப்பார்கள். பல்லைக் கடித்த அதே தயாரிப்பாளர்கள் அடுத்த படத்துக்கும் இவரைத்தான் தேடி வருவார்கள், அதுதான் வேடிக்கை.

தமிழ் போக இன்னும் மூன்று மொழிகளில் படம் எடுத்திருக்கிறார். அந்த மொழிகளில் ‘கொஞ்சம் திரும்பு’, ‘கீழே பார்’, ‘இன்னொரு தடவை’ ஆகியவற்றைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அதை வைத்துக்கொண்டே பிழைப்பை ஓட்டிவிட்டார். “வெளிச்சத்துக்கு ஏது மொழி, இல்லையா சார்?” என்று ஒரு பேட்டிக்காரர் உருகிக் கேட்டபோது, “அதெல்லாம் இல்லீங்க, கத்துக்கச் சோம்பேறித்தனம்” என்று சொன்னார். பேட்டியில் அது வரவில்லை.

இந்தக் கதையில் அவருக்குச் சமமாக இன்னொருவரும் உண்டு, அவர் மனைவி. அவளுக்கும் ஒரு சினிமாப் பெயர் இருந்தது: ‘நாற்காலி’. சிரிக்க வேண்டாம், அது ஒரு வேலை. ஒரு முகத்துக்கு வெளிச்சம் வைப்பது கையைத் தட்டியதும் முடிகிற காரியம் இல்லை. ஒரு விளக்கை ஏற்ற வேண்டும், ஒன்றை இறக்க வேண்டும், ஒன்றுக்குத் துணி கட்ட வேண்டும், மூக்கின் நிழல் உதட்டில் விழுந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவ்வளவு நேரமும் கதாநாயகியை அந்தச் சூட்டில் உட்கார வைக்க முடியுமா? அதனால் கிட்டத்தட்ட அதே உயரமும் நிறமும் உள்ள வேறொரு பெண்ணை நாற்காலியில் உட்கார வைப்பார்கள். வெளிச்சம் கச்சிதமாக அமைந்ததும் அந்தப் பெண் எழுந்துகொள்வாள். நாயகி வந்து உட்காருவார். அப்புறம்தான் கேமரா ஓடும்.

அந்தக் காலத்தில் மேகம் முதல் படம் செய்துகொண்டிருந்தார். வெளிச்சம் சரியானதும் “சரி, எழுந்திரும்மா” என்று சொல்வது அவர் வழக்கம். நல்ல வெளிச்சம் வைக்க அவர் கற்றுக்கொண்டதே அந்த முகத்தில்தான். ஒருநாள் உள்ளரங்கில், எல்லா விளக்கும் சரியாக விழுந்து, நாயகியும் தயாராகி நின்ற பிறகும், மனிதர் ‘எழுந்திரு’ என்று சொல்லவே இல்லை. நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைய டைரக்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “என்னப்பா, கூரைக்குள்ள மேகம் வந்துடுச்சா?” என்று கேட்டார். தளமே சிரித்தது. நாற்காலியில் இருந்தவளுக்கு முகம் சிவந்து, வைத்த வெளிச்சமெல்லாம் வீணாகிப் போனது. கல்யாணம் நிச்சயம் ஆவதற்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

மகன் பிறந்ததும் அவள் நாற்காலியை விட்டாள். அவள் தம்பி மட்டும் அக்கா வீட்டுக்காரரை விடவில்லை. கேமராவில் ஃபோகஸ் பார்க்கிற உதவியாளனாகச் சேர்ந்தான், இன்றுவரை மாமாவின் வலது கை அவன்தான். அக்காவை யாராவது, “இத்தனை படத்துல வேலை பார்த்திருக்கீங்க, ஒண்ணுலயாவது தலை காட்டியிருக்கீங்களா?” என்று கேட்டால், “தலையைக் காட்டத்தான் உக்கார்ந்தேன், கேமராதான் ஓடல” என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் எந்தப் படத்துக்குப் போனாலும் அவள் பார்ப்பது நாயகியின் முகத்தில் விழுகிற வெளிச்சத்தைத்தான் என்பதும், அதைப் பார்க்கும்போது அவள் கை தானாகத் தன் கன்னத்துக்குப் போகும் என்பதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பிக்குத் தெரியும்.

இனி நீலத்துக்கு வருவோம்.

சில வருடங்களாக மேகத்தின் படங்களைப் பற்றிப் பத்திரிகைகள் ஒரு புதுப் பாட்டைப் பாட ஆரம்பித்தன. ‘மேகத்தின் நீலம்’ என்றார்கள். ‘தனிமைக்கு ஒரு நிறம் தந்தவர்’ என்று ஒருவர் எழுதினார். ‘இந்த நீலத்துக்குள் ஒரு தத்துவம் உறைந்திருக்கிறது’ என்று இன்னொருவர் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார். மேகம் அதைப் படித்துவிட்டு மனைவியிடம், “எதுடி நீலம்?” என்று கேட்டார்.

“எனக்கென்ன தெரியும்? எழுதறவங்க ஏதாவது எழுதுவாங்க. நல்லாத்தானே எழுதியிருக்காங்க, விடுங்க.”

விட்டார். விருது கொடுத்தார்கள், அதையும் வாங்கிக்கொண்டார். மேடையில் “அந்த நீலத்தின் ரகசியம் என்ன?” என்று கேட்டபோது மெல்லச் சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பையும் ஒருவர் ஆழமான சிரிப்பு என்று எழுதினார். உண்மை என்னவென்றால், அவருக்கு ஒரு எழவும் புரியவில்லை. வெள்ளை வெள்ளையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் பார்த்தது.

அதே காலத்தில் வீட்டுக் கூடத்துக்குப் புதிதாக வண்ணம் அடித்தார்கள். “பால் வெள்ளை வேணும்” என்று சொல்லி அவரே நிறத்தைத் தேர்ந்தெடுத்தார். பெயிண்டர் வாளியைத் திறந்து பார்த்துவிட்டு, “சார், நிச்சயமா இதுதானா?” என்றான். “நான் நிறத்தோடயே குடும்பம் நடத்தறவன்யா. எனக்கே பாடமா?” என்றார். பெயிண்டர் வாயை மூடிக்கொண்டு அடித்தான். வந்து பார்த்த மச்சினன் அக்காவின் காதில், “அக்கா, மீன் தொட்டிக்குள்ள உக்கார்ந்திருக்கற மாதிரி இருக்கு” என்றான். “சும்மா இரு. உங்க மாமாவுக்குத் தெரியாத கலரா?” என்று அவனை அடக்கிவிட்டாள். அன்றிலிருந்து அந்தக் குடும்பம் மீன் தொட்டிக்குள்தான் குடியிருந்தது.

அடுத்த கூத்து லென்ஸில் வந்தது. விளக்கைப் பார்த்தால் விளக்கைச் சுற்றிப் புகை மாதிரி படர்கிறது என்று மேகம் புகார் சொன்னார். லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று வாடகைக்கு விடுகிற கடைக்குத் திருப்பி அனுப்பினார். கடைக்காரர் வேறு கொடுத்தார். அதிலும் பூஞ்சை. இன்னொன்று கொடுத்தார். அதிலும் அதேதான். கடைசியில் கடைக்காரரே டார்ச் விளக்கோடு வீட்டுக்கு வந்து, கூடத்தின் நிறத்தைப் பார்த்து ஒரு நிமிடம் பேச்சு மறந்து நின்று, பிறகு லென்ஸுகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்து விளக்கடித்துக் காட்டினார். “பாருங்க சார். தூசு துரும்பு கிடையாது. என் கடையோட பேரையே கெடுத்துடுவீங்க போல.”

அவர் போன பிறகு மனைவி மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “எல்லா லென்ஸையும் பார்த்தாச்சு. இன்னும் பார்க்காத லென்ஸு ரெண்டுதான் இருக்கு. உங்க மூஞ்சியில.”

கண் டாக்டர் ஒரு பெண்மணி. கருவியில் தாடையை வைக்கச் சொல்லி, இந்தக் கண்ணையும் அந்தக் கண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “ரெண்டுலயும் புரை. நல்லா பழுத்து மஞ்சளாயிருக்கு. எல்லாத்தையும் மஞ்சக் கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் பார்த்திருக்கீங்க, கொஞ்சம் கொஞ்சமா வந்ததால உங்களுக்குத் தெரியல. என்ன வேலை பார்க்கறீங்க?”

மேகம் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அப்போது ஒரு படம் பாதி முடிந்திருந்தது. கதையின்படி நாயகனுக்குப் பிற்பாதியில் தாடி வேண்டும், அதை வளர்க்க அவர் போயிருந்தார். தாடி வளர்வதற்குள் வலது கண்ணை முடித்துக்கொள்ளலாம், சில வாரம் விட்டு இடது கண் என்று ஏற்பாடானது. வெளியே யாரிடமும் மூச்சு விடவில்லை. இந்தத் தொழிலில் ஒரு கேமராமேனுக்குக் கண்ணில் ஏதோ என்று காற்றுவாக்கில் ஒரு பேச்சு வந்தால் போதும். தடித்த கண்ணாடி போட்ட ஒரே பாவத்துக்காக நல்ல வேலைக்காரர் ஒருவரைப் பாதிப் படத்தில் மாற்றியதை மேகம் கண்ணெதிரே பார்த்திருக்கிறார்.

அறுவை முடிந்து கட்டைப் பிரித்தபோது டாக்டரின் கோட்டு வெள்ளையாக இருந்தது. அப்படி ஒரு வெள்ளை உலகத்தில் இருக்கிறது என்பதையே மேகம் மறந்திருந்தார். சந்தோஷம் தாங்கவில்லை. வண்டியில் வரும் வழியெல்லாம் பால்காரர் சட்டை, பள்ளிக்கூடத்துச் சுவர், சாலையில் போட்ட கோடு என்று எல்லா வெள்ளையையும் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டுக்குள் காலை வைத்தார். நின்றார்.

“இந்தச் சுவருக்கு யார் இப்படிக் கலர் அடிச்சது?”

“நீங்கதான்” என்றாள் மனைவி.

“நானா? பால் வெள்ளைன்னு சொன்னேன்.”

“சொன்னீங்க. கையை வச்சுக் காட்டினது இதைத்தான்.”

அலமாரியைத் திறந்தார். சாம்பல் நிறம் என்று அவர் ஆசை ஆசையாக வாங்கி அடுக்கியிருந்த சட்டைகள் அத்தனையும் நீலம். அந்த நிமிடத்தில்தான் அவருக்குப் படங்கள் ஞாபகம் வந்தன. மஞ்சள் பிடித்த கண்ணுக்கு வெள்ளை வெள்ளையாகத் தெரியும்வரை அவற்றிலும் நீலத்தை ஏற்றித் தள்ளியிருக்கிறார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கலர் அறைக்கு ஓடினார்.

கலர் அறை என்பது ஜன்னல் இல்லாத இருட்டு அறை. எடுத்த காட்சிகளைப் பெரிய திரையில் ஓடவிட்டு நிறத்தைச் சரிசெய்கிற இடம். அங்கே வேலை பார்க்கும் பெண்தான் அவருடைய கடைசி மூன்று படங்களுக்கும் நிறம் பார்த்தவள். புதுப் படத்தின் முற்பாதியைப் போடச் சொன்னார். வலது கண்ணால் பார்த்தார். நாயகியைக் கிணற்றிலிருந்து தூக்கிக் கரையில் போட்ட மாதிரி இருந்தது. வலதை மூடி இடது கண்ணால் பார்த்தார். பளிச்சென்று, அழகாக, ஒரு குறையும் இல்லை. மறுபடி வலது. மறுபடி கிணறு.

“சார், கண்ணுல தூசியா?”

“இவ்வளவு நீலமா இருக்கே, நீ ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

“முதல் படத்துலயே கேட்டேனே சார். ‘இவ்வளவு நீலம் வேணுமா’ன்னு. நீங்க திரையைப் பார்த்துக்கிட்டே ‘எங்க நீலம்?’னு கேட்டீங்க.” அவள் குரல் தாழ்ந்தது. “எனக்கு அது எவ்வளவு பெரிய பதிலாத் தெரிஞ்சுது தெரியுமா? எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.”

மேகம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முற்பாதி நீலத்தில் முடிந்துபோனது. அதன் முன்னோட்டம் வெளியாகி, ஊரே ஆகா ஓகோ என்கிறது. டைரக்டர் இளைஞர், இந்தப் படத்தில்தான் அவர் வாழ்வும் சாவும். பிற்பாதியும் அதே நீலமாக இருந்தாக வேண்டும். முற்பாதியின் நிற அளவு எண்களை அப்படியே கருவியில் போட்டு நீலத்தைக் கொண்டுவந்துவிடலாம் என்று அந்தப் பெண் ஆறுதல் சொன்னாள். ஆனால் முகத்தில் விழுகிற வெளிச்சத்துக்கு ஏது எண்? அதைக் கண்ணால் பார்த்துத்தான் வைக்க வேண்டும். புதுக் கண்ணால் வைத்தால் முற்பாதிக்கும் பிற்பாதிக்கும் ஒட்டாது. ஒட்டவில்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் கதை கந்தலாகி, வேறு கேமராமேன் வருவார். அதற்குப் பிறகு யார் கூப்பிடுவார்கள்?

டாக்டரிடம் போய் நின்றார். “இடது கண்ணு இப்போ வேண்டாம் டாக்டர்.”

“ஏன், பயமா?”

“அதெல்லாம் இல்லை. அது இந்தப் படம் முடியற வரைக்கும் கால்ஷீட் குடுத்திருக்கு.”

டாக்டர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, அவசரம் ஒன்றும் இல்லை, ஆனால் ரொம்ப நாள் இழுக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

தாடி வளர்ந்தது. படப்பிடிப்புத் தொடங்கியது. வேலையைக் கண்கள் பங்கு போட்டுக்கொண்டன. கூர்மை பார்ப்பது வலது கண், நிறம் பார்ப்பது இடது கண். படப்பிடிப்புத் தளத்தில் ரகசியம் தெரிந்தவன் மச்சினன் மட்டும். மாமா மறந்துபோய்த் தப்பான கண்ணால் பார்த்தால் அவன் வந்து தோளில் ஒரு தட்டுத் தட்டுவான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மாமாவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பது அவன் வேலையாகிவிட்டது. எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, ஒன்றைத் தவிர. வெளிச்சம் வைக்கும்போதெல்லாம் மேகம் ஒரு கண்ணை மூடுவார், திறப்பார், மறு கண்ணை மூடுவார். எதிரே உட்கார்ந்திருப்பது கதாநாயகி.

ஒருநாள் நாயகி மச்சினனை ஓரமாகக் கூப்பிட்டார். “உங்க சாருக்கு என்ன வயசு?”

“ஏம்மா?”

“நாலு நாளா என்னைப் பார்த்துக் கண்ணடிச்சுக்கிட்டே இருக்காரு. நல்ல மனுஷராச்சேன்னு பார்த்துக்கிட்டிருக்கேன்.”

மச்சினனுக்கு வேர்த்துக் கொட்டியது. “ஐயோ, அது அது இல்லீங்க. அது வந்து, ஒரு புது டெக்னிக்கு” என்று உளறி வைத்தான். அன்று மாலையே அக்காவிடம் வந்து ஒப்பித்தான். மேகம் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்க, மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

“கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல என்னைப் பார்த்து ஒரு தடவை கண்ணடிச்சதில்ல இந்த மனுஷன்.”

“அக்கா, விளையாட்டு இல்ல. அந்தம்மா டைரக்டர்கிட்ட சொன்னா மாமா காலி.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நாளைலேருந்து நான் வர்றேன். வெளிச்சம் வைக்கறப்ப நாற்காலில நான் உக்கார்றேன். கண்ணடிக்கறதா இருந்தா என்னைப் பார்த்து அடிங்க.”

இந்தக் காலத்தில் நாற்காலிக்கென்று ஆள் வைப்பதில்லை. இருந்தாலும் மேகம் கேட்டால் யார் மறுப்பார்கள்? நாயகிக்கும் நிம்மதி. அவருக்கும் இவளுக்கும் நிறம் கிட்டத்தட்ட ஒன்றுதான், வயதில்தான் கொஞ்சம் தூரம். அவள் காலையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும், நடுவில் போன வருடமெல்லாம் போகாத மாதிரி, விளக்கின் சூட்டுக்குக் கண்ணைச் சுருக்காமல் நிமிர்ந்தாள். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று இன்னொரு வேலையும் கொடுத்தார்கள். நிறங்களைக் கட்டம் கட்டமாக ஒட்டிய அட்டை ஒன்று உண்டு. ஒவ்வொரு காட்சிக்கும் முதலில் அதைக் கொஞ்சம் படம் பிடித்துக்கொள்வார்கள், கலர் அறையில் நிறம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அந்த அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்வது அவள் வேலை. பிடித்து முடித்ததும் மேகம், “சரி, எழுந்திரும்மா” என்பார். அவள் எழுந்துகொள்வாள்.

ஒருநாள் எடுத்தது, நாயகி எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தன் பழைய அறைக்குத் திரும்பி வந்து ஜன்னலோரம் உட்காருகிற காட்சி. மேசை மேல் ஒரு விளக்கு. மனைவி உட்கார்ந்திருந்தாள். கூர்மை பார்க்க மேகம் இடது கண்ணை மூடினார். புதுக் கண்ணால் பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடியே இருந்தார்.

கன்னத்தின் அந்தப் பழுப்பு. அதை அவர் இத்தனை வருடமாகப் பார்க்கவே இல்லை, பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். காதோரம் நரைத்த முடி நரையாகவே மின்னியது. சிரிப்பை அடக்கி அடக்கி வாயோரம் விழுந்த கோடு எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை நாளும் இவளை விட்டுவிட்டு எங்கே பார்த்துக்கொண்டிருந்தோம் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவர் கை தானாக வேலை செய்தது. ஜன்னல் விளக்கின் முன்னாலிருந்த நீலத் தாளை உருவினார். மேசை விளக்கைக் கொஞ்சம் தள்ளினார். ஒரு துணி கட்டினார். கேமராவிலும் நிறத்தை மாற்றினார். மச்சினன் தோளில் தட்டினான். உறைக்கவில்லை. மறுபடி தட்டினான். “இருடா” என்றார். அட்டையைப் படம் பிடிக்க ஓடவிட்ட கேமராவை நிறுத்தவும் மறந்துபோனார்.

“என்னங்க, எழுந்திரிக்கட்டுமா?” என்று அவளே கேட்டாள்.

“ம்? ஆமா. சரி, எழுந்திரும்மா.”

நாயகி வந்து அதே வெளிச்சத்தில் உட்கார்ந்தார். ஒரே தடவையில் காட்சி முடிந்தது.

மறுநாள் காலை டைரக்டர் கலர் அறைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். மேகத்துக்கு அப்போதுதான் செய்த காரியம் உறைத்தது. தலை போச்சு என்று நினைத்துக்கொண்டே, மனைவியையும் மச்சினனையும் கூட்டிக்கொண்டு போனார். திரையில் முற்பாதியின் நீலக் காட்சிகள் வரிசையாக ஓடின. கடைசியில் இந்தக் காட்சி வந்தது. நீலம் கழுவி விட்ட மாதிரி போய்விட்டது. விளக்கு விளக்காக இருந்தது, கன்னம் கன்னமாக இருந்தது. டைரக்டர் அதைத் திரும்பப் போடச் சொன்னார். இன்னொரு முறையும் போடச் சொன்னார். திரும்பியபோது அவர் கண் கலங்கியிருந்தது.

“சார், அவ வீட்டுக்குத் திரும்பி வந்த நிமிஷம் நீலம் விட்டுப்போகுது. நான் படம் முழுக்கச் சொல்ல நினைச்சதை ஒரு வெளிச்சத்துல சொல்லிட்டீங்க. எங்கிட்டகூடச் சொல்லாம பண்ணியிருக்கீங்களே.”

தப்பிக்க அது போதும். மேடையில் சிரித்த அந்த ஆழமான சிரிப்பை இன்னொரு தடவை சிரித்தால் கதை முடிந்தது. மேகம் மனைவியைப் பார்த்தார். அவள் கதவோரம் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“தம்பி, உக்காருங்க” என்றார். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னப்புறம் நீங்க வேற ஆளைப் போட்டுக்கிட்டாலும் எனக்கு வருத்தமில்ல.”

எல்லாவற்றையும் சொன்னார். லென்ஸுக்குள் பூஞ்சை தேடியது, சுவருக்குப் பால் வெள்ளை அடித்தது, இடது கண் கால்ஷீட், கண்ணடித்த டெக்னிக்கு, ஒன்று விடாமல். டைரக்டர் முகம் இறுகிக்கொண்டே போனது.

“அப்போ அந்த நீலம்?”

“புரை.”

“நான் காலேஜ்ல படிக்கறப்ப மூணு தடவை பார்த்து அழுதேனே, அந்தப் படம்?”

“அதுவும் புரைதான் தம்பி.”

“எல்லாப் பேட்டியிலயும் அந்த நீலத்துக்கு நான் அர்த்தம் சொல்லியிருக்கேன் சார்” என்றார் டைரக்டர். குரல் உயர்ந்தது. “போன வாரம்கூட ஒரு மணி நேரம் சொன்னேன்.”

அப்போது கலர் அறைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் அடங்கவில்லை, சிரிப்பு விரல் இடுக்கில் பீறிட்டது. “மன்னிச்சுக்குங்க சார். அந்தப் பேட்டியை நான் எங்க அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன்” என்றாள். டைரக்டர் அவளை முறைத்தார். முறைக்க முறைக்க அவர் உதடும் இழுத்துக்கொண்டது. அப்புறம் அந்த இருட்டறையில் யார் சிரிக்கிறார்கள் யார் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாமல் போனது.

சிரித்து ஓய்ந்ததும் டைரக்டர் திரையைக் காட்டினார். “இதை எந்தக் கண்ணால வச்சீங்க?”

“புதுசால.”

“இதுவும் தப்புத்தானா?”

மேகம் திரையை இன்னொரு முறை பார்த்தார். “இல்லை. தெரியாமத்தான் பண்ணினேன். ஆனா தப்பில்ல.”

“அப்போ இந்தக் காட்சிக்கு மேல நீலம் வேண்டாம். வேற ஆளும் வேண்டாம். பழைய கண்ணுக்கு லீவு குடுத்துடுங்க.”

இடது கண்ணின் கால்ஷீட் அப்படித்தான் முடிந்தது. டாக்டர், “படம் முடிஞ்சுதா?” என்று கேட்டுக்கொண்டே மருந்தை விட்டார். படமும் கொஞ்ச நாளில் முடிந்தது. கூடத்துக்கு வேறு வண்ணம் அடித்தார்கள், இந்தத் தடவை மனைவிதான் கடைக்குப் போனாள். பெயிண்டர், “யார் எடுத்த கலரும்மா இது?” என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் வாளியைத் திறந்தான்.

நிறம் சரிபார்க்கிற வேலையெல்லாம் முடிந்த அன்று கலர் அறைப் பெண் எல்லோரையும் உட்காரச் சொன்னாள். “படத்துல சேராதது கொஞ்சம் இருக்கு சார். தூக்கிப் போட மனசு வரல. ஒட்டி வச்சிருக்கேன்.” விளக்கை அணைத்தாள்.

திரையில் அட்டை வந்தது. அட்டைக்குப் பக்கத்தில் மேகத்தின் மனைவி. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் பிடித்த துண்டுகள், ஒன்றன் பின் ஒன்றாக. ஒன்றில் அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். ஒன்றில் தம்பியை ஏதோ திட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றில் கொட்டாவி விட்டு, விட்டதை யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்தாள். மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். கடைசியாக ஜன்னலோரத்துக் காட்சி வந்தது. அவள் அட்டையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, கேமராவுக்குப் பின்னால் இருப்பவரைப் பார்த்தாள். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அந்த வெளிச்சம் அவளுக்கென்று வைத்தது. முதல் தடவையாக அது அவள்மேல் விழுந்து படத்திலும் விழுந்திருந்தது. அவள் பெரிய திரை முழுக்க இருந்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவளின் கை கன்னத்துக்குப் போயிருந்தது.

“இப்படியா இருந்தேன்?” என்றாள் மெல்ல. “ஒவ்வொரு தடவையும் எல்லாம் சரியானதும் எழுந்திருன்னு சொல்லிட்டீங்களே. நான் பார்த்ததே இல்லையே.”

மேகம் இரண்டு புதுக் கண்ணாலும் திரையைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார். துண்டு முடிந்து திரை கறுத்தது. கலர் அறைப் பெண் விளக்கைப் போட்டாள். வெளிச்சம் வந்ததும் பழக்கதோஷத்தில் மனைவி நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்துகொள்ளப் பார்த்தாள்.

“எழுந்திரிக்காதே” என்றார் மேகம். “இன்னொரு தடவை போடச் சொல்லலாம்.”

அவள் உட்கார்ந்தாள்.